சிவப்புக்குப் பதில் வெள்ளை

விசாரணை நடந்தது சமுதாய நலக்கூடத்தின் சாப்பாட்டு அறையில். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கை கழுவும் குழாய்களுக்கு முதுகைக் காட்டி, வாசலைப் பார்த்தபடி நீதிபதி வேதமாணிக்கம். அவருக்கு வலப்பக்கம் தீர்ப்பாயத்தின் ஓட்டவியல் உறுப்பினர் முனைவர் ஹமீதா. இடப்பக்கம், உப்பும் ஊறுகாயும் வைக்கிற சின்ன மேசையில், தீர்ப்பாயத்தின் எழுத்தனாகிய நான். காற்று வரும் என்று நம்பி ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டவர் பதிவகத்தின் வக்கீல் தளவாய். நடுவில் நான்கு பந்தி மேசைகள், இடைவெளி இல்லாமல் நீளவாக்கில் ஒட்டிப் போட்டவை. அவற்றின் ஒரே பக்கத்தில், பரிமாறுவதற்குக் காத்திருப்பதுபோல், நான்கு பெண்கள். சுவரோரத்தில் முதல் மேசைக்குச் செண்பகவடிவு. அடுத்து ஆவுடைத்தாய், ரெஜினா, பிரம்மாச்சி.

மேசைகளின் மேல் செண்பகவடிவின் மகன் உச்சிமாகாளி இருந்தான். அல்லது இல்லை. அதை முடிவு செய்யத்தான் நாங்கள் வந்திருந்தோம்.

வழக்கமாக மனுதாரர்கள்தான் எங்களைத் தேடி வருவார்கள். இந்த வழக்கில் அட்டைகளை நகர்த்த முடியாது என்பதால் தீர்ப்பாயமே பஸ் ஏறி வந்தது. தீப்பெட்டி லேபிள் அளவுக்கு வெட்டிய அட்டைகள். வெள்ளை, கறுப்பு, மஞ்சள், சிவப்பு. நான்கு மேசைகளிலும் இலைக்கு இடமில்லாமல் வரிசை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். மேசைகள் கொள்ளாததற்குத் தரையில் பாய் விரித்து அடுக்கியிருந்தார்கள். மேலே நான்கு மின்விசிறிகள் இருந்தும் ஒன்றும் சுற்றவில்லை.

“ஐயா, ஒரு ஃபேனையாவது போடச் சொல்லுங்க. சித்திரை வெயிலு,” என்றார் தளவாய்.

“போட்டா அட்டை பறந்துரும் அண்ணாச்சி,” என்றாள் ஆவுடைத்தாய். “பறந்தா அவன் மண்டைல என்ன எங்க இருந்துச்சின்னு நீங்க வந்து பெறக்கி வைப்பீயளா?”

“நான் என் கறுப்புக் கோட்டையாவது கழட்டலாமா?”

“கழட்டும் வே,” என்றார் நீதிபதி. “இங்க யாரு உம்மப் பாக்கப் போறா?”

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாகப்போகிறவரின் மனத்தை அந்த நொடியில் உள்ளது உள்ளபடி பதிந்து வைக்க முடியும் என்று ஆனபிறகு, பதிவுகள் குவிந்தன. பதிவு என்பது நின்றுபோன மனம். அதை ஒரு கணிப்பொறியில் ஏற்றி ஓட்டினால் அந்த மனம் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் மின்சாரம் ரேஷனுக்கு வந்துவிட்ட காலம். அலுவலகத்திலேயே கடிதங்களைக் கையால் எழுதித்தான் அனுப்புகிறோம். கணிப்பொறியில் இடம் கிடைத்தவர்கள் சிலர். காத்திருப்போர் பட்டியலோ நீண்டுகொண்டே போனது. கிடங்கில் இடமில்லை என்று பதிவகம் முறையிட்டதும் ஓட்டச் சட்டம் வந்தது. ஓடுகிற பதிவு உயிருள்ள ஆள். கெடு தேதிக்குள் ஓடத் தொடங்காத பதிவை அழித்துவிடவேண்டும். சட்டத்தின் சாரம் அவ்வளவுதான்.

எதில் ஓடவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

உச்சிமாகாளி காற்றாலை மெக்கானிக். கோபுரத்தின் உச்சியிலிருந்து விழுந்தவனை ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துப் பதிவு எடுத்தார்கள். கணிப்பொறியில் இடம் வாங்கச் செண்பகவடிவால் முடியவில்லை. பதிவை நிற வரிசைகளாக அச்சடித்த பிரதியும், எந்த நிறத்துக்கு அடுத்து எந்த நிறம் என்று சொல்லும் விதித்தாளும் கேட்டு வாங்க ரத்த உறவுக்கு உரிமை உண்டு, அதை வாங்கினாள். தன்னோடு உட்கார்ந்து பீடி சுற்றும் மூன்று பெண்களை அழைத்துக்கொண்டு, கல்யாணம் இல்லாத நாட்களில் பூட்டிக் கிடந்த இந்தக் கூடத்தைப் பஞ்சாயத்தில் கெஞ்சிக் கேட்டு, அட்டை வெட்டி அடுக்கிவிட்டாள். மகனைக் கையால் ஓட்டத் தொடங்கினாள். கெடு தேதிக்கு முன்பே தொடங்கிவிட்டாள் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. இது ஓட்டம்தானா என்பதில்தான் தகராறு. இல்லை என்று தீர்ப்பானால் அன்றைக்கே அவன் பதிவு அழிந்துவிடும்.

தளவாய் எழுந்து நின்றார்.

“ஐயா, அம்மாவோட வருத்தம் எனக்கும் வருத்தம்தான். நானும் பிள்ளைகுட்டிக்காரன். ஆனா இது கணிப்பொறியா? பொம்பளைய நாலு பேரு அட்ட வச்சி வெளையாடுதாவ. இதுல எங்க மனுசன் இருக்கான்?”

நீதிபதி ஹமீதாவைப் பார்த்தார். “டாக்டர், எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க. நான் கணக்குல எப்பவும் பார்டர் பாஸ்.”

ஹமீதா எழுந்து பெண்களின் பின்னால் போய் நின்றார். “ஒரு இயந்திரம்னு நாங்க சொல்றப்ப, அது இரும்பா, மரமா, மனுஷங்களாங்கிறதைப் பாக்க மாட்டோம். மூணுதான். இப்ப என்ன நிலை, என்ன விதி, அடுத்து என்ன நிலை. இந்தம்மா முன்னால ஒரு அட்டை. அதுக்கு இடது பக்கத்து அட்டையையும் வலது பக்கத்து அட்டையையும் பாக்கறாங்க. விதித்தாள்ல அந்த மூணுக்கும் என்ன எழுதியிருக்கோ அந்த நிறத்தை நடுவுல வைக்கிறாங்க. அவ்வளவுதான். பதிவகத்துக் கணிப்பொறி உள்ளுக்குள்ள செய்யறதும் இதேதான். அது வேகமாச் செய்யுது, இவங்க மெதுவாச் செய்யறாங்க. வேகம்கிறது வரையறையிலேயே கிடையாது.”

“எம்புட்டு மெதுவா?”

“இத்தனை நாளா இவங்க வச்சதுல, அவனுக்குள்ள ஒரு கண் சிமிட்டல்கூட முடிஞ்சிருக்காது.”

செண்பகவடிவு தலையை ஆட்டினாள். “தெரியும் டீச்சர். கண்ண மூடிருக்கான். தெறக்கல இன்னும்.”

அவள் அதைச் சொன்ன விதத்தில் அவசரம் இல்லை. அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்தவள்போல் சொன்னாள். நான் குறிப்பெழுதுவதை நிறுத்திவிட்டேன். ஒரு சிமிட்டலுக்குள் இருக்கிறவனை உயிரோடு இருக்கிறான் என்று எழுதுவதா, எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

தளவாய் விடவில்லை. “அப்பிடின்னா அந்தச் சுவரப் பாருங்க, டாக்டரம்மா. சுண்ணாம்பு உதிருது. உதிர்ந்த எடம் கறுப்பு, உதிராத எடம் வெள்ளைன்னு நான் ஒரு பட்டியல் போடுதேன். அந்தப் பட்டியல வச்சி வாசிச்சா அந்தச் சுவர்லயும் உச்சிமாகாளி ஓடுதான். சுவத்துக்கு ரேஷன் கார்டு குடுப்பீயளா?”

பிரம்மாச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஹமீதாவும் சிரித்தார்.

“நல்ல கேள்வி. இதை என் மாணவர்கள் மூணாம் வருஷத்துலதான் கேப்பாங்க. ஆனா அந்தப் பட்டியலை எப்ப எழுதுவீங்க? சுண்ணாம்பு உதிர்ந்த பிறகு. உதிர்ந்ததுக்குத் தக்கபடி எழுதுவீங்க. அப்ப உச்சிமாகாளியை ஓட்டறது உங்க பட்டியல்தானே? சுவர் சும்மா நிக்குது. இங்க அப்படி இல்லை. இந்த இடத்துல கறுப்பு வந்தது, கறுப்புக்குரியதை வச்சாங்க. ஒருவேளை மஞ்சள் வந்திருந்தா மஞ்சளுக்குரியதை வச்சிருப்பாங்க. நடக்காத ஒண்ணுக்கும் பதில் தயாரா இருக்கணும். அதுதான் கணிப்பு. சுவர்கிட்ட அந்தப் பதில் கிடையாது.”

“வச்சிருப்பாவன்னு எப்பிடித் தெரியும்?”

“வச்சுப் பாத்துடலாம்.”

கேட்டிருக்க வேண்டாமே என்று பின்னால் தளவாயே என்னிடம் சொன்னார்.

ஓடிக்கொண்டிருக்கும் வரிசைகளைத் தொடக்கூடாது என்பதால், பீடி சுற்ற மடியில் வைக்கும் சொளகு ஒன்றை, அதாவது முறத்தை, வாங்கி, அதில் உபரி அட்டைகளைக் கொண்டு ஹமீதா சோதனை வைத்தார். மூன்று அட்டைகள். நடுவில் இருப்பதை மாற்றவேண்டும். முதலில் ஆவுடைத்தாய். கறுப்பு மஞ்சள் கறுப்பு வைத்தார். ஆவுடைத்தாயின் விரல் மஞ்சளை எடுத்துவிட்டுக் கறுப்பைப் போட்டது. விதித்தாளை அவள் பார்க்கக்கூட இல்லை. ஹமீதா தாளில் சரிபார்த்துத் தலையசைத்தார். வெள்ளை வெள்ளை மஞ்சள். சரி. இப்படிப் பல. பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கே கண்ணுக்குப் பிடிபடாத வேகம். நீதிபதி, “இந்தக் கைக்கு மெதுவுன்னா சொன்னீங்க?” என்றார்.

கடைசியாக ஹமீதா, சிவப்பு வெள்ளை சிவப்பு என்று வைத்தார்.

ஆவுடைத்தாய் நடுவில் இருந்த வெள்ளையை எடுத்துவிட்டு, வேறொரு வெள்ளையை வைத்தாள்.

ஹமீதா தாளைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். சொளகை ரெஜினாவிடம் நகர்த்தி அதே மூன்றை வைத்தார். வெள்ளை. பிரம்மாச்சியிடம். வெள்ளை. சுற்றி வந்து செண்பகவடிவின் முன்னால் வைத்தார். செண்பகவடிவு சிவப்பை எடுத்து வைத்தாள்.

“தாள்ல சிவப்புன்னுதான் இருக்கு,” என்றார் ஹமீதா.

அறையில் எல்லாரும் ஆவுடைத்தாயைப் பார்த்தோம். அவள் சொளகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி ஆவுடை,” என்றாள் செண்பகவடிவு. “என்னட்டி வச்ச?”

“வெள்ளை.”

“விதி என்ன சொல்லுது?”

“செவப்பு.”

“அப்ப?”

ஆவுடைத்தாய் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்வை என்றுதான் நினைக்கிறேன்.

“கழிவு, மைனி.”

“என்ன கழிவு?”

“பீடிக் கடைல பாத்து வாங்குத செக்கர் சரியில்லாத பீடியக் கழிச்சிப் போட்டா நாம என்ன செய்வோம்? கட்டு கொறையக் கூடாதுன்னு வேற ஒண்ணு வச்சி நெறைப்போம்லா. அப்படித்தான் செஞ்சேன். எடம் வெறுமனே கெடந்தா நீ கண்டுபிடிச்சிருவ. அதனால வெள்ளை.”

“எப்பலேருந்து?”

“அச்சுத்தாளு கொண்டாந்த பதிவகத்து ஆளு, பொறவு ஒருநாள் வந்து செவப்புன்னா வலின்னு வாய் தவறிச் சொன்னாம்லா, அன்னைலேருந்து.”

தளவாய் நெற்றியைத் தேய்த்தார். “அந்த மடையன் அதச் சொல்லவே கூடாது,” என்றார் தனக்குள்.

“மூணு பேருமாட்டி?”

ரெஜினா அழுதுகொண்டே சொன்னாள். “ஒருத்திக்கொருத்தி பேசி வச்சிக்கிடல யக்கா. சத்தியமா. பொறவு ஒருநாள் பாத்தா இவளும் கழிக்கா, அவளும் கழிக்கா. எங்க வீட்ல கரண்டு வயரு இழுத்துக் குடுத்த பையன். காசு வேண்டாம், கருப்பட்டிக் காப்பி போதும்னாம். அவனுக்குப் போயி எங்கையால எப்பிடி யக்கா செவப்ப வைப்பேன்?”

“நான் வச்சேன்டி.”

செண்பகவடிவு கத்தவில்லை. அவள் குரல் தேய்ந்துதான் போனது.

“பெத்தவ நான் வச்சேன். வலிக்கும்னு தெரிஞ்சே வச்சேன். வச்சாத்தான் அவன் அதத் தாண்டி அந்தப் பக்கம் போயிச் சேருவாம்னு வச்சேன். ராத்திரி சோறு எறங்காமக் கெடந்துட்டு விடிஞ்சா வந்து மறுபடி வச்சேன். நீங்க மூணு பேரும் எங்கிட்ட உக்காந்து, எங்கிட்டயே வெத்தல வாங்கிப் போட்டுக்கிட்டு... ஏட்டி, அவன் இனி வெளங்குவானாட்டி?”

அப்போதுதான் நான் மேசைகளை ஒழுங்காகப் பார்த்தேன். சுவரோர மேசையில் சிவப்பு சிதறிக் கிடந்தது. ஆவுடைத்தாயின் மேசை தொடங்கும் இடத்தில் அது நின்றுபோயிருந்தது. வேலி போட்டதுபோல.

தளவாய் எழுந்தார். ஜெயித்துவிட்ட முகம் இல்லை அவருக்கு. “ஐயா, சொல்ல வேண்டியது என் கடமை. டாக்டரம்மாவே வச்ச பரிச்சை. விதிப்படி வைக்கல. விதிப்படி வைக்கலன்னா கணிப்பு இல்ல. கணிப்பு இல்லன்னா ஓட்டம் இல்ல. பதிவ அழிக்க உத்தரவு கேக்கேன்.”

நீதிபதி என்னிடம், “எழுதாதேரும் ஞானதுரை, பொறும்,” என்றார். எழுத எனக்கும் கை வரவில்லை.

ஹமீதா ஆவுடைத்தாயின் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “ஒண்ணு கேக்கறேன். நான் சோதிக்கிறேன்னு உங்களுக்குத் தெரியும். சிவப்பை வச்சிருந்தா இந்தக் கேஸே ஜெயிச்சிருக்கும். அதுவும் தெரியும். ஏன் வைக்கலை?”

“வைக்கணும்னுதான் டீச்சர் இருந்தேன். கை பழகிட்டு. நெனைக்கதுக்கு முந்தியே வெள்ளை வந்துட்டு.”

“யோசிக்கலையா?”

“யோசிச்சிருந்தா வெள்ளைய வச்சிருப்பனா? நான் என்ன கூறுகெட்டவளா?”

ஹமீதா விதித்தாளை மடித்து வைத்தார். பிறகு எழுந்து நீதிபதியிடம் வந்தார். அவர் முகத்தில் கணக்கு விடை வந்த சந்தோஷமும், அந்த விடை பிடிக்காத சங்கடமும் சேர்ந்தே இருந்தன.

“ஐயா, இது கணிப்புதான்.”

“விதிப்படி வைக்கலையே?”

“தாள்ல இருக்கிற விதிப்படி வைக்கலை. ஆனா விதி ஒண்ணு இருக்கு. சிவப்பு வந்தா வெள்ளை. எப்பவும் வெள்ளை. மூணு பேரும். தப்பு செஞ்சா ஒரு நேரம் ஒரு மாதிரி, இன்னொரு நேரம் வேற மாதிரி இருக்கும். இவங்க யோசிக்காம, மாறாம, தனக்கு நஷ்டம்னு தெரிஞ்சப்பவும் அதையே வைக்கிறாங்க. இதைவிட இயந்திரமா யாரும் இருக்க முடியாது. நாலு மேசையும் ஒரு இயந்திரம்தான். அது ஓடுது.”

“அப்பாடா,” என்றாள் பிரம்மாச்சி. அன்று அவள் பேசிய முதல் சொல்.

“ஆனா அது உச்சிமாகாளி இல்லை.”

இந்த இடத்தில் எனக்குக் குழம்பத் தொடங்கியது. இன்றுவரை முழுக்கத் தெளியவில்லை. ஹமீதா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“விதி மாறினா இயந்திரம் வேற. உச்சிமாகாளியோட பதிவுல தொடங்கி, முதல் வெள்ளை விழுந்த இடத்துல பிரிஞ்சு, இப்ப ஓடறது வேறொருத்தன். உச்சிமாகாளி நினைச்சதெல்லாம் இவனும் நினைப்பான், ஞாபகமெல்லாம் இருக்கும். ஆனா வலியில முக்கால்வாசி இவனுக்கு வரலை. அந்த வலி வந்திருந்தா அடுத்து என்னவா ஆகியிருப்பானோ அது இவன் இல்லை. ஒரே தெருவுல பொறப்பட்டு ஒருத்தன் கிழக்க, ஒருத்தன் மேக்க போன மாதிரி. இவனும் ஆள்தான். இந்தக் கூடத்துல உண்டான ஆள்.”

“அவன்?” என்று கேட்டார் நீதிபதி. “அந்த உச்சிமாகாளி?”

“முதல் வெள்ளையோட நின்னுட்டான். பதிவகத்துல இருக்கிற பதிவு மட்டும்தான் இப்ப அவன்.”

“ஓடாத பதிவு,” என்றார் தளவாய் மெதுவாக. “கெடு தாண்டிய பதிவு.”

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “டாக்டர், வழி ஏதும் உண்டா? சட்டத்த நான் வளைக்க மாட்டேன். ஆனா எந்தப் பக்கம் குனிஞ்சா இடிக்காதுன்னு சொல்லுங்க.”

“ஒண்ணு செய்யலாம். இந்த அட்டைகளை எல்லாம் கலைச்சு, அச்சுப் பிரதியிலேருந்து மறுபடி முதல்லேருந்து அடுக்கலாம். இந்தத் தடவை சிவப்புக்குச் சிவப்பு வைக்கணும். இவங்க தொடங்கினது கெடுவுக்குள்ளதான். பிழை திருத்தினதா ஏத்துக்கலாம். உச்சிமாகாளி ஓடுவான். ஆனா...”

“ஆனா?”

“கலைச்சா இவன் நிப்பான். ஓடற ஆளை நிறுத்தறது.”

“ரெண்டையும் ஓட்ட முடியாதா?”

“இன்னொரு கூடம், இன்னொரு நாலு பேர் வேணும்.”

நீதிபதி பெண்களைப் பார்த்தார். இந்த ஊரில் பகல் முழுக்கக் கூலியில்லாமல் வந்து உட்காரக்கூடிய கைகள் இவ்வளவுதான் என்பது கேட்காமலே தெரிந்தது.

தளவாய், “மூணாவது வழியும் உண்டு, ரெண்டையும்...” என்று தொடங்கினார். “நீரு உக்காரும் வே,” என்றார் நீதிபதி. அவர் உட்கார்ந்துவிட்டார்; உட்காரச் சொன்னதில் அவருக்கு நிம்மதி என்றே எனக்குப் பட்டது.

“சட்டம் இத யோசிக்கல,” என்றார் நீதிபதி. “யோசிக்காத எடத்துல நான் என்ன செய்ய? பதிவுல உறவுன்னு கையெழுத்துப் போட்டது நீங்க, செண்பகவடிவம்மா. உங்களத்தான் கேக்கணும். அவசரமில்ல.”

செண்பகவடிவு தன் மேசையின் மேல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஹமீதாவைக் கேட்டாள்.

“டீச்சர், இவனுக்கு என்னத் தெரியுமா?”

“தெரியும்மா. உங்களை அம்மான்னுதான் நினைப்பான்.”

“பதிவகத்துல இருக்கானே, அவனுக்கு இப்ப வலிக்கா?”

“நின்னுபோன பதிவுக்கு எதுவும் தெரியாது. வலி, நேரம், எதுவும்.”

“திருப்பி அடுக்குனா?”

“முதல்லேருந்து வரும்.”

“அப்ப நான் இத்தன நாளா வச்சேனே செவப்பு,” என்றாள். “அது யாருக்கு வலிச்சிச்சி?”

ஹமீதா கரும்பலகையைத் தேடுவதுபோல் சுற்றிலும் பார்த்தார்.

“தெரியலைம்மா. பிரியறதுக்கு முந்தி வச்சது உச்சிமாகாளிக்கு. அதுக்கப்புறம் வச்சது இவனுக்கு. எது எப்பன்னு இனிமே கண்டுபிடிக்க முடியாது.”

“இவனுக்கும் வலிச்சிருக்கும்.”

“உங்க மேசையில வந்த அளவுக்கு. ஆமா.”

வெளியே யாரோ சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். செண்பகவடிவு எழுந்தாள். மேசையைச் சுற்றி வந்து ஆவுடைத்தாயின் பின்னால் நின்றாள். அடிக்கப் போகிறாளோ என்று நான் பாதி எழுந்துவிட்டேன்.

“எந்திரிட்டி.”

“மைனி...”

“எந்திரிச்சி எம் மேசைல போயி உக்காரு. எங்கையி செவப்புக்குப் பழகிட்டு. இனிமே வெள்ளைக்கு வராது. எம் மேசையவும் சேத்து நீங்க மூணு பேருமே பாத்துக்கிடுங்க.”

ஆவுடைத்தாய்க்குப் புரியவில்லை. எங்களுக்கும் உடனே புரியவில்லை. நீதிபதிதான் முதலில் புரிந்துகொண்டு, “அப்ப பதிவகத்துல இருக்கிறது?” என்று தயங்கிக் கேட்டார்.

“அவனுக்கு இப்ப ஒண்ணும் தெரியலன்னு டீச்சர் சொல்லுதாவல்லா. தெரியாமலே இருக்கட்டும். மறுபடியும் மேலேருந்து விழ வைக்க எனக்குத் தெம்பு இல்ல, ஐயா. இன்னொருத்தன நிறுத்திட்டு அதச் செய்யவா?”

“அழிச்சிருவாவம்மா,” என்றார் தளவாய். அவர் தன் கட்சிக்கு எதிராகப் பேசுகிறார் என்பது அவருக்கே தெரிந்திருக்குமா என்று தெரியவில்லை. “திரும்பக் கிடைக்காது. நல்லா யோசிச்சிக்கிடுங்க.”

“யோசிச்சாச்சி, அண்ணாச்சி.”

நீதிபதி உத்தரவைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நான்கு மேசைகளின் ஓட்டமும் கணிப்பே. அதில் ஓடுபவர் உயிருள்ள ஆள். அவரை யாரும் நிறுத்தக்கூடாது. அவர் உச்சிமாகாளி அல்லர். உச்சிமாகாளியின் பதிவைப் பதிவகம் அழிக்கலாம். ஓடுபவரைப் பிறந்தவராகப் பதிய, பிறப்புப் பதிவாளருக்கு ஒரு பிரதி. கடிதம் புறப்பட்ட நேரத்திலிருந்து பெண்கள், விசாரணைக்காக நிறுத்தியிருந்த அட்டை வேலையைத் தொடரலாம்.

கடிதம் எழுதுவதில் எனக்குப் பழக்கம் அதிகம். பள்ளிக்கூடத்தில் கற்றுத் தந்த முறையை இன்றுவரை விடவில்லை: அனுப்புநர், பெறுநர், பொருள், பிறகு ஐயா. பொருள் ஒரே வரியில் அடங்கவேண்டும். இதில் அடங்கவில்லை. ஒரு சாவைத் தெரிவிக்கிறேனா, ஒரு பிறப்பையா? வருத்தத்துடன் என்று தொடங்குவதா, மகிழ்ச்சியுடன் என்றா? நீதிபதியைக் கேட்டேன்.

“பொருள விடும். நேரா விஷயத்துக்குப் போம்,” என்றார்.

எழுதி முடித்து, பிறப்பு விவரத்துக்கு வந்தேன். பெயர் பிறகு தெரிவிக்கப்படும் என்று எழுதினேன். பிறந்த இடம், இந்தக் கூடத்தின் விலாசம். தகப்பனார் என்ற இடத்தில் கோடு போட்டேன். தாய் என்ற இடத்தில் செண்பகவடிவு என்று எழுதத் தொடங்கியபோது, எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் என் மேசையில் கையை வைத்தாள்.

“அங்க எம் பேரப் போடாதீங்க.”

“சட்டப்படி...”

“அவனுக்கு நான் வச்சது பூராவும் செவப்பு. ஆவுடைத்தாய், ரெஜினா, பிரம்மாச்சி. மூணு பேரையும் எழுதுங்க. பெத்தது அவிய.”

சுவரோர மேசையில் போய் உட்கார்ந்திருந்த ஆவுடைத்தாய், “நான் எங்க மைனி பெத்தேன்? அய்யோ, என் வீட்டுக்காரர் கேட்டா என்ன சொல்லுவேன்?” என்றாள். சிரிப்பும் அழுகையுமாக அவளுக்கு மூச்சு முட்டியது. ரெஜினா அவள் முதுகைத் தடவினாள்.

“அவன் உங்களத்தானே அம்மான்னு நினைப்பான்?” என்றேன். நான் கேட்கக்கூடாத கேள்வி. எழுத்தன் கேள்வி கேட்பதில்லை.

“நெனைச்சிட்டுப் போறான். கண்ணத் தெறக்கட்டும். தெறந்து கேட்டா அப்பச் சொல்லிக்கிடலாம்.”

கண் திறப்பதற்குள் அவள் இருக்கமாட்டாள் என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்.

தளவாய், “அந்தக் கட்டத்துல ஒரு பேருக்குத்தான் எடம் இருக்கு,” என்றார். நீதிபதி, “பொடி எழுத்தா எழுதும் ஞானதுரை,” என்றார். மூன்று பெயரையும் பொடி எழுத்தாக எழுதினேன். நீதிபதி கையெழுத்திட்டார், ஹமீதாவும் கையெழுத்திட்டார். மூன்று படிகள் எடுத்தோம்.

தபால் வண்டி வந்துவிட்டதென்று பிரம்மாச்சி சொன்னாள். என் கையிலிருந்த பசை காய்ந்து போயிருந்தது. செண்பகவடிவு உறையை வாங்கினாள். சமையலறைப் பக்கம் போய், வடித்து வைத்த கஞ்சியைத் தொட்டு வந்து, ஓரத்தில் தடவி மடித்தாள். பீடியின் முனையை மடக்குவதற்கென்று வளர்த்த கட்டைவிரல் நகத்தால், ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை, விட்டு விட்டு அழுத்திக்கொண்டே போனாள். ஒட்டிவிட்டது. அதன்பிறகும் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.

“கொண்டுபோங்க,” என்று என்னிடம் நீட்டினாள்.

நான் வாசலுக்குப் போய் உறையை வண்டிக்காரரிடம் கொடுத்தேன். எடையைக் கையாலேயே தூக்கிப் பார்த்துவிட்டு மூட்டைக்குள் போட்டார். வண்டி திரும்பும்போது உள்ளே முதல் அட்டை மேசையில் விழும் சத்தம் கேட்டது. என்ன நிறம் என்று திரும்பிப் பார்க்கவில்லை. தபால் வண்டி தென்காசி ரோட்டில் ஏறிப் போனது.